தம்பியைப் பேய்க்காட்டி மனநல வோட்டில விட்டிட்டன், கூட்டிக்கொண்டு வரட்டோ?

கேள்வி: மிஸ்ஸி, வணக்கம். எனக்கு 38 வயசு, யாழ்ப்பாணத்தில சுன்னாகத்துக்குப் பக்கத்தில இருக்கிறம். தம்பி என்னைவிட நாலு வயசு இளமை, ஒரு கடையில கணக்கு எழுதுறவர், நல்ல அமைதியான பிள்ளை. மூண்டு மாசமா ஆளில மாற்றம். முன்வீட்டு சிசிடிவி கமரா தன்னைப் பற்றிக் கதைக்குது எண்டார். பேந்து அம்மா சமைக்கிறதில ஏதோ கலந்திருக்கு எண்டு சாப்பாட்டை விட்டார். கடைசி அஞ்சு நாளும் நித்திரையே இல்லை, ஒருநாள் விடியப்புறம் அம்மாவை வெளியில விட்டுக் கதவைப் பூட்டிப்போட்டார். சுகர் செக் பண்ணுவம் எண்டு பொய் சொல்லி, மாமாவும் இன்னும் மூண்டு பேருமா வானில ஏத்திக் கொண்டு போக, மனநல வோட்டில மறிச்சுப்போட்டினம். இண்டைக்கு ஒன்பது நாள். போற நேரமெல்லாம் "அக்கா, நீ என்னைப் பேய்க்காட்டிப் போட்டாய்" எண்ட ஒரே கதை. கை நடுங்குது, வாயால வீணி வடியுது, பொம்மை மாதிரி இருக்கிறார். இப்பிடியே சாப்பிடாட்டி கரண்ட் வைக்க வேண்டி வரலாம் எண்டு டொக்டர் சொன்னவர். கனடாவில இருக்கிற பெரியண்ணா துண்டு வெட்டி, அதுதான் டிஸ்சார்ஜ் பண்ணி, கூட்டிக்கொண்டு போய் இந்தியாவில காட்டச் சொல்லுறார். அம்மா செய்வினை எண்டு நூல் கட்டிக்கொண்டு வந்து வைச்சிருக்கிறா. நான் கையெழுத்து வைச்சு ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?

பதில்: தங்கச்சி, கடைசியாக் கேட்டதுக்கு முதல் பதில் சொல்லுறன். கூட்டிக்கொண்டு வராதேங்கோ, இப்ப வேண்டாம். ஆனால் தம்பி சொல்லுறதில ஒரு உண்மை இருக்கு, நீங்கள் அவரைப் பேய்க்காட்டித்தான் கொண்டு போனனீங்கள், அதை அவருக்கு முன்னால நீங்கள் ஒத்துக்கொள்ளோணும். அந்த வேலையை டொக்டரும் செய்யேலாது, வோட்டில நிக்கிற நர்ஸ் பிள்ளையளும் செய்யேலாது.

நான் டொக்டர் இல்லை, மனநல வோட்டுகளில கனவருசம் நர்சா நிண்டு பென்சனில வந்தனான். ஆளைப் பாக்காமல் வருத்தத்துக்குப் பேர் வைக்கமாட்டன், இந்தக் குளிசையைக் குறை அதைக் கூட்டு எண்டும் சொல்லமாட்டன். வோட்டுக்குள்ள என்ன நடக்குது, நீங்கள் என்னத்தைக் கேக்கோணும், அது எனக்குத் தெரியும்.

அஞ்சு நாள் நித்திரை இல்லாமல், சாப்பாட்டில நஞ்சு எண்டு பயந்து, பெத்த தாயை வெளியில விட்டுக் கதவைப் பூட்டினவர், அது வீட்டில வைச்சுப் பாக்கிற கட்டம் இல்லை. உங்களில ஒருத்தருக்கும் நித்திரை இருந்திராது, ஆளாளுக்குச் சத்தம் போட்டிருப்பியள், அவருக்குப் பயம் இன்னும் ஏறியிருக்கும். வோட் எண்டது அந்தச் சுழியில இருந்து ஆளைத் தூக்கி ஒரு கரையில வைக்கிற இடம், கொஞ்ச நாளைக்கு. சனம் நினைக்குது அதுக்குள்ள போனால் வாழ்க்கை முழுக்க அங்கதான் எண்டு. அது கொழும்புப் பக்கம் அங்கொடையில இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரியின்ர பழைய கதை. ஒருகாலத்தில இஞ்சையிருந்து ரயில் ஏத்தி அங்க விட்டிட்டு வந்த குடும்பங்கள் இருந்தது, பேந்து போய்ப் பாக்காத குடும்பங்களும் இருந்தது. அதாலதான் உந்த ஊரின்ர பேரே எங்களுக்கு ஒரு பகிடியாப் போச்சு, இப்ப அதைத் தேசிய மனநல நிறுவகம் எண்டு மாத்தியும் பகிடி போகேல்லை. சுனாமிக்குப் பிறகு 2005 இல வந்த மனநலக் கொள்கையில ஒவ்வொரு மாவட்டத்திலயும் பொது ஆஸ்பத்திரிக்குள்ளயே இப்பிடி ஒரு வோட் இருக்கோணும் எண்டு எழுதினவை. எங்களுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி அதுக்கு முதலே பழகின இடம். காய்ச்சல்காரனுக்கும் கால் முறிஞ்சவனுக்கும் வோட் இருக்கிற அதே வளவுக்குள்ள இதுவும் ஒரு வோட், காசும் இல்லை.

முதல் நாளே இரத்தம் எடுத்திருப்பினம், பாத்தனீங்களோ? உங்களுக்கு அது ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம். தைரோயிட், சுகர், உப்புக் குறைஞ்சது, மூளைக்காய்ச்சல், குடிக்கிறவர் குடியை டக்கெண்டு நிப்பாட்டினது, இதெல்லாம் ஆளை அச்சொட்டா இப்பிடியே ஆக்கும். குடியை நிப்பாட்டி ரெண்டு மூண்டு நாளில சுவரில பூச்சி ஊருது எண்டு கத்தினவரை வீட்டுக்காரர் பேய் பிடிச்சது எண்டு கோயில் கோயிலாக் கொண்டு திரிஞ்சு கடைசியில உயிர் போற கட்டத்தில கொண்டு வந்ததை நான் கண்டிருக்கிறன். அதால, "இரத்த ரிப்போட் எல்லாம் சரியோ, தலைக்கு ஸ்கான் எடுக்கத் தேவையிருக்கோ" எண்டு நீங்கள் கேக்கலாம், கேக்கிறதில பிழை இல்லை. தம்பி கஞ்சா, குளிசை ஏதும் பாவிச்சவரோ எண்டது உங்களுக்குத் தெரிஞ்சால் மறைக்காமல் சொல்லுங்கோ, வோட்டில நிக்கிறவை பொலிஸ் இல்லை.

ஒன்பது நாள் எண்டது காணாது. நாங்கள் வோட்டில முதல் பாக்கிறது நித்திரையை, இரவு நிக்கிற பிள்ளை எத்தினை மணித்தியாலம் ஆள் படுத்தவர் எண்டு கொப்பியில எழுதும். முதல் கிழமை மருந்து நித்திரையைக் கொண்டுவரும், பதட்டத்தைக் குறைக்கும். கமரா கதைக்கிற எண்ணம், ஆக்கள் கொல்ல வருகினம் எண்ட பயம், அதெல்லாம் கரைய ரெண்டு கிழமை, நாலு கிழமை, சிலருக்கு இன்னும் கூட எடுக்கும். அதால "ஒன்பது நாளாப் போச்சு ஒரு சுகமும் இல்லை" எண்டு பெரியண்ணா சொன்னால் அது கணக்குத் தெரியாத கதை. "நேற்று எத்தினை மணித்தியாலம் நித்திரை கொண்டவர்?" எண்டு டியூட்டி மிஸ்ஸியை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, அஞ்சாறு மணித்தியாலம் எண்டு பதில் வந்தால் கரை தெரியுது எண்டு அர்த்தம்.

நடுக்கமும் வீணியும் பொம்மை மாதிரி முகமும் பெரும்பாலும் மருந்தின்ர வேலை, வருத்தம் கூடினது எண்டு பயப்பிடாதேங்கோ, ஆனால் சும்மாவும் விடாதேங்கோ. அதுக்கு மாத்து மருந்து இருக்கு, பென்செக்சோல் எண்ட சின்னக் குளிசை பேர்பெற்றது, இல்லாட்டி டொக்டர் அளவைக் குறைப்பார், வேற மருந்துக்கு மாத்துவார். கழுத்து ஒருபக்கமா இழுத்துக்கொண்டு நிண்டாலோ, கண் மேல செருகினாலோ, ஒரு இடத்தில இருக்கேலாமல் உலாத்திக்கொண்டே திரிஞ்சாலோ உடன சொல்லுங்கோ. உடம்பு விறைச்சுப்போய்க் காய்ச்சலும் அடிச்சால் அது அவசரம், விடியும் வரைக்கும் காவல் இருக்கப்படாது. எங்கட சனம் பெரிய டொக்டர் ரவுண்ட் வரேக்க கையைக் கட்டிக்கொண்டு நிண்டிட்டு, வெளியில வந்து மதிலடியில நிண்டு முறைப்பாடு சொல்லும். உள்ளுக்குச் சொல்லோணும். ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்கோ, அவர் நிக்கிற மூண்டு நிமிசத்துக்குள்ள நாக்கு ஒட்டிப்போகும், எனக்கே என்ர அம்மாவுக்காக நிக்கேக்க ஒட்டினது.

இனிக் கரண்ட். படத்தில காட்டுற மாதிரி ஆளைக் கட்டிப்போட்டுத் துடிக்கத் துடிக்க வைக்கிறதெண்டு நினைச்சுக்கொண்டு அழுதிருப்பியள். ஈசிடி எண்டது இப்ப மயக்க மருந்து குடுக்கிற டொக்டர் பக்கத்தில நிண்டு, ஊசியில நித்திரையாக்கி, தசை இறுகாமலிருக்க இன்னொரு ஊசியும் போட்டு, வாய்க்குள்ள கடிபடாமல் ஒண்டை வைச்சுச் செய்யிறது. வலிப்பு மாதிரி ஒண்டு மூளைக்குள்ள ஒரு நிமிசத்துக்குள்ள வந்து போகும், வெளியில பாத்தால் பெருவிரல் கொஞ்சம் துடிக்கிற மாதிரித்தான் தெரியும். சாமம் துவங்கி வெறுவயிறா இருக்கோணும், அதால அண்டைக்கு விடிய அவருக்கு நீங்கள் ஒண்டும் தீத்தப்படாது, பிளேன்டீயும் கூடாது. வழமையா ஒரு ஆறு தொடக்கம் பன்னிரண்டு தரம், கிழமைக்கு ரெண்டோ மூண்டோ. எழும்பினவுடன தலையிடி இருக்கும், அந்த நாள்களில நடந்தது கொஞ்சம் ஞாபகம் வராது. அதை நான் மறைக்கமாட்டன், சிலருக்கு அந்தக் குறை கனநாள் மனசில இருக்கும். ஆனால் சாப்பிடாமல் குடிக்காமல் கிடந்து உருகுற ஆளுக்கு, மருந்து வேலை செய்யும் வரைக்கும் பொறுக்க நேரமில்லாத கட்டத்தில, அது உயிரைக் காப்பாத்தும். சேலைன் ஏத்திக் கிடந்த ஒரு அம்மா நாலாவது தரத்துக்குப் பிறகு எழும்பியிருந்து "பிள்ளை, சொதி இருக்கோ" எண்டு என்னைக் கேட்டவ. உங்கட கையெழுத்துக் கேப்பினம், வாசிச்சு, ஏன் இப்ப தேவை, வேற வழி இருக்கோ எண்டு கேட்டிட்டு வையுங்கோ.

சாப்பிட வைக்க நீங்களே செய்யக்கூடிய ஒண்டு இருக்கு, இதை எங்களுக்குப் பழைய சிஸ்டர் ஒருவ காட்டித் தந்தவ. நஞ்சு எண்டு பயப்பிடுற ஆளுக்கு முன்னால சோத்துப் பாசலை வைச்சு "சாப்பிடு சாப்பிடு" எண்டால் பயம்தான் கூடும். தோல் உரிக்காத வாழைப்பழம் குடுத்துப் பாருங்கோ. ஓட்டோட அவிச்ச முட்டை. உடைக்காத பிஸ்கட் பக்கெட், அவரையே உடைக்கச் சொல்லுங்கோ. அப்பிடிப் பயந்த ஆள் கப்பல் வாழைப்பழம் ஒண்டைக் கையில எடுத்து, சுத்திச் சுத்திப் பாத்து, காம்படியில மணந்து பாத்து, பேந்து மெல்லமா உரிப்பார், பாதியைக் கடிச்சிட்டு ஒரு நிமிசம் பொறுத்துப் பாப்பார், ஒண்டும் நடக்கேல்லை எண்டால் மிச்சத்தையும் சாப்பிடுவார். நாங்கள் பக்கத்தில நிண்டு வேற எங்கயோ பாக்கிற மாதிரி நிப்பம். ஒருநாளைக்கு மூண்டு பழமும் ரெண்டு முட்டையும் உள்ளுக்குப் போனால் கரண்ட் கதை தள்ளிப்போகவும் இடமிருக்கு.

கமராக் கதைக்கும் இதே முறைதான். "உனக்கு விசரே, கமரா எங்கையடா கதைக்கும்" எண்டு வாதாடாதேங்கோ, "ஓமோம் கதைக்குதுதான்" எண்டு தலையாட்டவும் வேண்டாம். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, ஆனால் உனக்கு இது பெரிய பயமா இருக்கு எண்டு தெரியுது" எண்டு சொல்லிட்டு நிப்பாட்டுங்கோ.

இப்ப பேய்க்காட்டின கதைக்கு வருவம். நான் சின்ன நர்சா இருக்கேக்க, ஆஸ்பத்திரியின்ர பேர் வேண்டாம், வோட்டில வருத்தமா இருந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு விடியவும் "அம்மா எப்ப வருவா" எண்டு கேக்கும், குளிசையைக் குடிக்க வைக்கிற அவசரத்தில நான் "நாளைக்கு" எண்டுவன். அஞ்சு நாள் நாளைக்கு. ஆறாம் நாள் அந்தப் பிள்ளை என்ர கையால தண்ணியும் வாங்கேல்லை, மற்ற நர்ஸ்மாரிட்ட வாங்கிக் குடிச்சவள், என்னட்ட மட்டும் இல்லை. வோட் முழுக்கப் பயத்தோட இருந்தவளுக்கு நான் ஒருத்திதான் உண்மையிலயே பொய் சொன்ன ஆள், அதை அவள் சரியாக் கண்டுபிடிச்சிருந்தாள். உங்கட தம்பிக்கும் அதுதான் நடந்திருக்கு. ஊர் முழுக்க எனக்கெதிராச் சதி செய்யுது எண்டு நினைச்சுக்கொண்டிருந்த ஆளை, சதி செய்துதான் கொண்டு போயிருக்கிறியள். கமரா பொய், ஆனால் சுகர் செக்கப் மெய்யாவே பொய்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதேல்லை, அண்டைக்கு வேற வழி தெரிஞ்சிராது. 1990 க்கு அடிச்சிருந்தால் அம்புலன்ஸ் வந்திருக்கும், அது இலவசம், இனி ஒருக்கா இப்பிடி வந்தால் அதைச் செய்யுங்கோ, கதைச்சுக் கேக்க 1926 எண்ட மனநல இலக்கமும் இருக்கு. நாலு ஆம்பிளையள் சேர்ந்து ஒருத்தரைப் பிடிச்சு வானில ஏத்திறதெண்டது எங்கட மண்ணில சின்ன விசயம் இல்லை, தங்கச்சி. 1995 ஒக்டோபரில சண்டையால எங்கட வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டேக்க அவர் சின்னக் குழந்தை, பேந்து வளர வளர ஆக்களை வானில ஏத்திக் கடத்திக்கொண்டு போன கதையளைக் கேட்டுக் கேட்டு வளந்த பிள்ளை. நோய் போனாலும் அந்த வான் அவரின்ர மனசில நிக்கும். அதை நீங்கள் கதைக்காமல் விட்டால், மருந்து குடிக்கச் சொல்லேக்கயும் கிளினிக்குக்குக் கூப்பிடேக்கயும் "திரும்பப் பேய்க்காட்டுறாள்" எண்டுதான் நினைப்பார், அப்பிடி மருந்தை விட்டவையைத் திரும்பத் திரும்ப வோட்டில கண்டிருக்கிறன். அங்க அவரைக் கட்டி வைச்சவையோ எண்டும் கேளுங்கோ, வேற வழியே இல்லாத நேரத்தில கொஞ்ச நேரத்துக்கு, பக்கத்தில ஒரு ஆள் பாத்துக்கொண்டு நிக்கத்தான் அது செய்யலாம், மணிக்கணக்கா விட்டிருந்தால் நீங்கள் முறையிடலாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல்லு. இதுக்கெண்டு எங்கட நாட்டில இருக்கிற சட்டம் 1873 இல வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, இடையில திருத்தினவை எண்டாலும் அத்திவாரம் அதுதான், புதுச் சட்டம் வருகுது எண்டு கனகாலமாக் கதைக்கினம். அதால நடைமுறையில குடும்பத்தின்ர கையெழுத்துக்குப் பெரிய பாரம் இருக்கு. டொக்டர் வேண்டாம் எண்டேக்க நீங்கள் கையெழுத்து வைச்சு ஆளை வெளியில எடுத்தால் அண்டிரவு என்ன நடந்தாலும் உங்கட தலையிலதான், கனடாவில இருக்கிறவரின்ர தலையில இல்லை. அவருக்குச் சொல்லுங்கோ, இந்தியாவில குடுக்கிறதும் இதே மருந்துகள்தான், பிளேனில ஏத்துற நிலையில ஆள் இல்லை எண்டும் சொல்லுங்கோ. அவருக்கு ஏதும் செய்யோணும் எண்டால் தம்பி வேலைக்குப் போகாத மாசங்களுக்கு வீட்டுச் செலவுக்குக் காசு அனுப்பட்டும். வீடியோ கோலில தம்பியைக் காட்டச் சொல்லி அழுது குழறுறதை மட்டும் நிப்பாட்டுங்கோ. அம்மாவின்ர நூலைக் கையில கட்டட்டும், சந்நிதி கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டு வரட்டும், அதுக்குப் பெரும்பாலும் வோட் குறுக்க நிக்காது. வேப்பிலையால அடிக்கிறவையிட்ட மட்டும் கொண்டு போகப்படாது, நூல் கட்டினாச்சு எண்டு குளிசையை நிப்பாட்டவும் கூடாது.

துண்டு வெட்டுற நாளை நினைச்சு இப்பவே ஆயத்தப்படுங்கோ, அதைத்தான் ஒருத்தரும் செய்யிறதில்லை. வோட்டால வந்த முதல் கிழமை, முதல் மாசம்தான் உயிருக்கு ஆபத்துக் கூடின காலம். நோய் கொஞ்சம் தெளிய, தனக்கு என்ன நடந்தது எண்டு விளங்க, வெக்கமும் துக்கமும் அப்பதான் வரும். உங்கட பக்கம் தோட்டக்காணி, வீட்டில வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து ஏதும் இருந்தால் இண்டைக்கே அயலில எங்கையும் குடுத்துப் பூட்டி வைப்பியுங்கோ. 1995 இல எங்கட நாட்டில தற்கொலை உச்சத்தில இருந்து, பேந்து கடும் நஞ்சுகளை ஒவ்வொண்டாத் தடை செய்யத்தான் இறங்கினது, கைக்கெட்டுற தூரத்தில இல்லாட்டிப் பாதி ஆபத்துப் போச்சு. குளிசையை ஆர் எடுத்துக் குடுக்கிறது எண்டு முடிவெடுங்கோ, அம்மாவா இருக்கட்டும், மாமா வேண்டாம், வான் அவரோடதான் வந்தது. கிளினிக் கொப்பியையும் அடுத்த திகதியையும் வாங்காமல் படி இறங்காதேங்கோ. வீட்டுக்கு வந்து பாக்கிற நர்ஸ் உங்கட பக்கத்துக்கு இருக்கோ எண்டும் கேளுங்கோ. முதல் தரம் வந்த வருத்தம் எண்டாலும் மருந்து ஒண்டு ரெண்டு வருசமாவது ஓடும், சுகம் எண்டு நினைச்சு நிப்பாட்டினவைதான் திரும்ப வாறவை. இன்னொண்டு, ஊரில ஒரு ஆள் கட்டாயம் வந்து "ஒரு கலியாணத்தைக் கட்டி வையுங்கோ எல்லாம் சரிவரும்" எண்டு சொல்லும். அந்த ஆளுக்குத் தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிப்போடுங்கோ.

இண்டைக்குப் பின்னேரம் பாக்கிற நேரத்துக்குத் தனியப் போங்கோ, மாமாவைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. கண்ணாடிப் போத்தில், நாடா போட்ட காற்சட்டை, சேவ் எடுக்கிற பிளேட் ஒண்டும் வேண்டாம், வாசலில எடுத்துப்போடுவினம். ஒரு சாரம், துவாய், சவர்க்காரம், உரிக்காத கப்பல் பழம் ஒரு சீப்பு. கதிரையை முன்னுக்கு நேர போடாமல் கொஞ்சம் பக்கவாட்டில போட்டு இருங்கோ. "சுகர் செக் எண்டு நான் சொன்னது பொய். நீ சாப்பிடாமல் நித்திரை கொள்ளாமல் இருந்தது எனக்குப் பயமாப் போச்சு, உண்மையைச் சொன்னால் வரமாட்டாய் எண்டு நினைச்சு அப்பிடிச் செய்தன். பிழைதான். இனி எங்க கூட்டிக்கொண்டு போறதெண்டாலும் உண்மையைச் சொல்லித்தான் கூப்பிடுவன்." இவ்வளவும்தான், அழுதால் அழட்டும், ஏசினால் ஏசட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் பழத்தைத் தலைமாட்டில வைச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கோ. எப்ப வீட்ட விடுவினம் எண்டு கேட்டால் "தெரியாது, டொக்டரிட்டக் கேட்டு நாளைக்குப் பின்னேரம் வந்து சொல்லுறன்" எண்டுங்கோ, சொன்ன மாதிரி நாளைக்குப் பின்னேரம் போங்கோ.